கிரகண நிழலும் ஓசோன் படலமும்

 

2019 டிசம்பர் 26ஆம் நாள் வியாழக்கிழமை நண்பகலில், சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்கோடியிலும் வானம் மங்கியது. முற்பகல் 11.27க்குச் சந்திரன் சூரியனின் ஓரத்தைத் தொட்டது. பிற்பகல் 1.23 மணியளவில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகத் தோன்றிற்று. இரண்டு நிமிடம் வளையம் நிலைத்து நின்று பின் கலைந்தது. அவ்வேளையில் சூரிய வட்டத்தில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு மறைந்திருந்தது. இந்நாடுகளின் மஸ்ஜித்களில் கிரகணத் தொழுகையும் நடைபெற்றது.

இத்தகைய நாட்களில் நம் இல்லங்களில் எழும் பேச்சுக்களை யாவரும் அறிவோம். கர்ப்பிணிப் பெண்கள் வெளியே வரலாகாது என்பர். சமைத்த உணவில் விஷம் ஏறிவிடும் என்பர். பள்ளியிற் படித்த பிள்ளைகளுள் சிலர், “கிரகணத்தின்போது ஓசோன் படலம் கிழிந்து தீய கதிர்கள் இறங்குகின்றனவாம்” என்று விஞ்ஞானத்தின் பெயராலேயே ஓர் அச்சத்தைப் புதிதாகச் சேர்க்கின்றனர். பழைய அச்சத்துக்குப் புதிய சட்டை அணிவித்தால் அது உண்மையாகிவிடாது. ஆதலின், சந்திரனின் நிழல் மேல் வானத்தில் விழும்போது ஓசோனுக்கு நேர்வது யாது என்பதை இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம்.

மதீனாவில் தந்த பாடம்

ஆராயப் புகுமுன், எப்படி ஆராய வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்த நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்தல் தகும்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம், பால்குடி மறவாத பருவத்திலேயே காலமானார். அன்றே சூரிய கிரகணமும் நேர்ந்தது. கி.பி. 632 ஜனவரி 27ஆம் தேதிக் கிரகணமே அது என்று கணக்கிட்டோர் பலர். மதீனத்து மக்கள், நபிகளாரின் பிள்ளை மறைந்த துயரத்தால் சூரியனும் இருண்டது எனப் பேசலாயினர்.

ஒரு தலைவருக்கு இதனினும் பெரிய புகழுரை ஏது? மகனை இழந்த தந்தைக்கு இதனினும் இனிய ஆறுதல் ஏது? எனினும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும், அதனைக் காணும்போது தொழுது இறைவனை நினையுங்கள் என்றும் தெளிவுபடுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புக்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இரண்டு காரியங்கள் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்பதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இதுவே அன்று கிடைத்த பாடம். இதனைக் கையிற் கொண்டு ஓசோனிடம் செல்வோம்.

ஓசோன் என்பது யாது?

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் இணைந்திருக்கின்றன. மூன்று பிராணவாயு அணுக்கள் ஒன்றாய்ச் சேர்ந்தால் அதுவே ஓசோன். பொருள் ஒன்றே, சேர்க்கையின் எண்ணிக்கை வேறு. ஆயினும் குணம் முற்றும் மாறிவிடுகிறது. தரையருகே இருந்தால் ஓசோன் நுரையீரலுக்குக் கேடு செய்யும். மேல் வானத்தில் இருந்தால் உயிர்களுக்குக் கேடயமாய் நிற்கும்.

இவ்வாயுவின் பெரும்பகுதி தரைக்கு மேல் 15 முதல் 35 கிலோமீட்டர் வரையுள்ள அடுக்கு மண்டலத்தில் பரவிக் கிடக்கிறது. படலம் என்று நாம் சொன்னாலும் அது துணிபோல் விரிந்த ஒன்றன்று. அங்கும் காற்றின் பத்து லட்சம் துகள்களில் ஓசோன் பத்துக்கு மிகுவதில்லை. தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டித் தரைமட்டக் காற்றழுத்தத்தில் வைத்தால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனமே தேறும். நம்மைப் போல் நிலநடுக்கோட்டருகே வாழ்வோருக்கு அதனினும் சற்றுக் குறைவு. இந்த மெல்லிய அளவே சூரியனின் புற ஊதாக் கதிர்களில் மிகக் கொடியவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. இறைவனின் ஏற்பாட்டில் அளவு சிறிது, பயன் பெரிது.

பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளான பாப்ரியும் புய்சோனும் 1913ஆம் ஆண்டில் இவ்வாயு மேல் வானத்தில் இருப்பதை அளந்து காட்டினர். பின்னர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் டாப்சன் என்பார் 1920களில் அதனை அன்றாடம் அளக்கத்தக்க கருவி ஒன்றை அமைத்தார். இன்றும் ஓசோனின் அளவை அவர் பெயராலேயே டாப்சன் அலகு என்கிறோம். மூன்று மில்லிமீட்டர் என்பது 300 டாப்சன் அலகு.

ஆக்கமும் அழிவும்

ஓசோன் எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிட்னி சாப்மன் என்ற ஆங்கில அறிஞர் 1930ஆம் ஆண்டில் விளக்கினார். அதனை எளிய முறையிற் கூறுவோம்.

அலைநீளம் 242 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிர் பிராணவாயுவைத் தாக்கி அதன் இரண்டு அணுக்களையும் பிரிக்கிறது. தனித்த அணு, பக்கத்திலுள்ள வேறொரு பிராணவாயுவோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. ஆனால் அவை இரண்டும் மோதினால் மட்டும் போதாது. மோதலில் எழும் சக்தியை வாங்கிச் செல்ல மூன்றாவதாக ஒரு காற்றுத் துகளும் அவ்விடத்தில் இருக்க வேண்டும். நிக்காஹ்வுக்குச் சாட்சி வேண்டுவது போல், இச்சேர்க்கைக்கும் உடன் நிற்பவர் வேண்டும்!

இனி, உண்டான ஓசோனை வேறொரு புற ஊதாக் கதிர் தாக்கி மீண்டும் உடைக்கிறது. ஓசோன் நமக்குக் கேடயமாவது இந்த இடத்திலேதான். தன்னை உடைக்கும் கதிரைத் தானே விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய சக்தி வெப்பமாகிறது. இதனாலேயே நம் தலைக்கு மேல் சுமார் 17 கிலோமீட்டரில் பூஜ்யத்துக்குக் கீழ் 80 பாகை வரை குளிர்ந்திருக்கும் காற்று, மேலே செல்லச் செல்ல வெப்பமடைந்து, 50 கிலோமீட்டரில் ஏறத்தாழப் பூஜ்யத்தை எட்டுகிறது.

உடைந்து வெளிவந்த அணு என் செய்யும்? மீண்டும் ஒரு பிராணவாயுவைத் தேடும். எவ்வளவு நேரத்தில் அதனை அடையும் என்பது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. 25 கிலோமீட்டரில் காற்று போதிய அளவு நெருக்கமாயிருப்பதால், ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள்ளாகவே சேர்ந்துவிடுகிறது. 60 கிலோமீட்டரிலோ காற்று மிக மெலிந்திருப்பதால், துணையும் சாட்சியும் கிடைக்க இரண்டொரு நிமிடம் ஆகிறது. இந்த வேற்றுமையை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். நம் வினாவின் விடை முழுதும் இதில் அடங்கியிருக்கிறது.

நிழல் விழும்போது நிகழ்வது

முதலில் 25 கிலோமீட்டர் உயரத்தைப் பார்ப்போம். கிரகணம் ஒளியைக் குறைத்தது. உடைப்பவர் கை தளர்ந்தது. எனவே ஓசோன் மிகுந்துவிடுமா? மிகாது. கிரகணத்துக்கு முன்பும் உடைந்ததெல்லாம் உடனுக்குடன் சேர்ந்துகொண்டே இருந்ததால், தனித்து நின்ற அணுக்கள் அங்கே மிகச் சொற்பம். சேர்ந்து ஓசோனாக வேண்டிய கையிருப்பே இல்லாதபோது ஓசோன் எங்ஙனம் மிகும்?

சரி, குறைந்துவிடுமா? அதுவும் இல்லை. அவ்வுயரத்தில் புதிய ஓசோன் உண்டாவதும், உள்ளது அடியோடு அழிவதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிகழும் காரியங்கள். மூன்று மணி நேர நிழல் அவற்றை அசைக்க வல்லதன்று. பெரிய கடை ஒன்றை ஒரு பிற்பகல் மூடியதனால் அதன் கிடங்கிலுள்ள சரக்கு தீர்ந்துபோவதும் இல்லை, பெருகிவிடுவதும் இல்லை.

இப்போது 60 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறுவோம். இது அடுக்கு மண்டலத்துக்கு மேலேயுள்ள இடைமண்டலம். இங்கே பகலில் ஓசோன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உடைந்துகொண்டே இருக்கிறது. சேர்வதற்கும் சில நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே தனித்த அணுக்கள் ஏராளமாக மிதந்துகொண்டிருக்கும். சந்திரன் சூரியனை மறைத்ததும் உடைப்பு தளர்கிறது, சேர்க்கையோ தொடர்கிறது. தனித்த அணுக்கள் ஒவ்வொன்றாய் ஓசோனாக மாறுகின்றன. அதாவது, கிரகணத்தின்போது இடைமண்டலத்தில் ஓசோன் கூடுகிறது. ஒளி திரும்பியதும் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வோர் இரவும் அங்கு நிகழ்வது இதுவே. கிரகணம் அந்த இரவை நண்பகலில் சில நாழிகைக்குக் கொண்டுவந்து காட்டுகிறது.

இதனைக் கண்ணாரக் கண்டது போல் அளந்தும் இருக்கிறார்கள். 2010 ஜனவரி 15ஆம் நாள் கங்கண கிரகணம் ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து இந்துமகா சமுத்திரத்தைக் கடந்து, கன்னியாகுமரி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் வழியாகச் சென்றது. சமுத்திரத்தின் நடுவே வளையம் 11 நிமிடத்துக்குச் சற்று மேல் நீடித்தது. இந்த ஆயிரமாண்டுக் காலத்திலேயே இதுதான் நீண்ட கங்கண கிரகணம். அப்போது அனைத்துலக விண்வெளி நிலையத்தில் ஜப்பானியரின் கிபோ கூடத்தில் ‘ஸ்மைல்ஸ்’ என்னும் கருவி, வானத்து வாயுக்கள் வெளியிடும் நுண்ணிய அலைகளைக் கொண்டு உயரம் உயரமாக ஓசோனை அளந்துகொண்டிருந்தது. சூரியன் மறைய மறைய இடைமண்டலத்தின் ஓசோன் ஏறியதை அது பதிவு செய்தது. கேரளத்தின் தும்பா தளத்திலிருந்தும் அந்நாளில் ஆய்வு ராக்கெட்டுகள் ஏவப்பட்டன.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதிலும் 60 கிலோமீட்டருக்கு மேல் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. அங்கே அது கூடினாலும், கீழே நிற்கும் நமக்கு மொத்தக் கேடயம் அப்படியே இருக்கிறது.

கருவி காட்டியதும் உள்ளபடி இருந்ததும்

இங்கே ஒரு கேள்வி எழும். கிரகண நாட்களில் தரையிலிருந்து அளந்த பலர், மொத்த ஓசோன் கூடியதாகவும் குறைந்ததாகவும் மாறுபட்டுச் சொல்லியிருக்கிறார்களே, அது ஏன்?

டாப்சன் கருவி செயற்படும் விதத்தைக் கவனித்தால் ஏன் என்பது விளங்கும். அது இரண்டு புற ஊதாக் கதிர்களை ஒப்பிடுகிறது. ஒன்றை ஓசோன் மிகுதியாக விழுங்கும். மற்றொன்றைச் சிறிதே விழுங்கும். முதற்கதிர் எவ்வளவு நலிந்து வருகிறதோ அவ்வளவு ஓசோன் இடையில் உள்ளது என்பது கணக்கு. சூரியனிலிருந்து இரண்டு கதிர்களும் என்றும் ஒரே விகிதத்தில் புறப்படுகின்றன என்ற நம்பிக்கையின் மேல் இக்கணக்கு நிற்கிறது.

கிரகணத்தில் இந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது. சூரிய வட்டத்தின் நடுப்பகுதி பிரகாசமானது, ஓரம் மங்கியது. அம்மங்கல் குறைந்த அலைநீளக் கதிர்களில் இன்னும் அதிகம். சந்திரன் நடுவை மறைத்து ஓரத்தை மட்டும் விட்டுவைத்தால், முதற்கதிர் புறப்படும்போதே நலிந்து புறப்படுகிறது. கருவியோ, ஓசோன்தான் அதனை விழுங்கியது என்று எண்ணி, ஓசோன் கூடியதாகக் காட்டுகிறது. 2019இல் நாம் கண்ட வளையம் முழுவதும் ஓரத்து ஒளியே என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, நேர் ஒளி குன்றியபோது வானத்தில் சிதறிய ஒளி கருவிக்குள் புகுந்தால் ஓசோன் குறைந்ததாகக் காட்டிவிடும்.

ஆகவே கிரகணமும் கருவியின் முள்ளும் ஒரே வேளையில் அசைந்தன. அதனால் ஓசோனும் அசைந்தது என்று துணிந்துவிட்டனர் சிலர். சூரிய ஓரத்தின் மங்கலையும் சிதறிய ஒளியையும் கணக்கிற் கழித்த பிறகு அம்மாற்றங்களின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. மதீனாவில் கேட்ட பாடத்தை ஆய்வுக்கூடமும் கற்க வேண்டியிருந்தது.

நிழலுக்குப் பின்னே ஓர் அலை

ஓசோன் கதிரை விழுங்கி வெப்பம் தருகிறது என்றோம். நிழல் விழுந்த இடத்தில் அவ்வெப்பம் நின்று காற்று சிறிது குளிர்கிறது. சந்திரனின் நிழல் ஒலியைவிட வேகமாக ஓடுவது. விரைந்து செல்லும் படகின் பின்னே நீரில் அலை விரிவது போல், ஓடும் குளிர்ச்சியின் பின்னே காற்றிலும் அலைகள் எழ வேண்டும் என்று சிமோனாஸ் என்ற அறிஞர் 1970இல் கணித்துரைத்தார்.

1999 ஆகஸ்ட் 11, 2006 மார்ச் 29 ஆகிய நாட்களின் கிரகணங்களை ஆராய்ந்த கிரேக்க விஞ்ஞானிகள், ஓசோனிலும் அலைபோன்ற ஏற்றத்தாழ்வுகளைக் கண்டதாக எழுதினர். 2017 ஆகஸ்ட் 21இல் அமெரிக்காவைக் கடந்த கிரகணத்தின்போது, இன்னும் உயரேயுள்ள அயனி மண்டலத்தில் படகு அலையைப் போன்ற வடிவம் தெளிவாகப் பதிவாயிற்று. தரையருகே இவ்வலைகளின் தடம் மிக மெலிந்தது. மனிதனுக்கோ பயிருக்கோ அதனால் தீங்கொன்றும் இல்லை.

கேடு எங்கிருந்து வருகிறது?

சந்திரனின் நிழல் எத்தனை கோடி ஆண்டுகளாய் வந்துபோகிறது! ஓசோன் அதனால் கெட்டதில்லை. அதனைக் கெடுத்தது மனிதர் கைகளே. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான் குப்பிகளிலும் பயன்பட்ட குளோரோபுளோரோ கார்பன் என்னும் வாயுக்கள் மேலே சென்று ஓசோனை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் ஆகிய இருவரும் 1974இல் எச்சரித்தனர். தென்துருவத்தில் வசந்தகாலந்தோறும் ஓசோன் பெரிதும் குறைவதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1989ஆம் ஆண்டில் சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் இணைந்தன. உலக நாடுகள் சொன்ன சொல்லைக் காத்ததால், உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவில் ஓசோன் 1980இன் நிலையை எட்டும் என 2022ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மதிப்பீடு கூறுகிறது. தென்துருவத்தில் 2066 வரை காத்திருக்க வேண்டும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சித் திருத்திக்கொண்டதால் விளைந்த நன்மை இது. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சிக் கர்ப்பிணியை இருட்டறையில் அடைத்து வைப்பதால் விளைவது என்ன? அவளுக்குத் தாகமும் மனச்சோர்வுமே மிச்சம். கிரகணச் சூரியனிடமிருந்து வருவது அன்றாடம் வரும் அதே ஒளி. அளவில் குறைந்த ஒளி. உணவையும் கருவையும் தாக்கப் புதிய கதிர் ஏதும் பிறப்பதில்லை.

கண்ணுக்கு மட்டும் உண்மையான ஆபத்து உண்டு. சாதாரண நாளில் சூரியனைப் பார்த்தால் கண் கூசித் தானே மூடிக்கொள்ளும். கிரகணத்தில் ஒளி மங்குவதால் கூச்சமின்றி நெடுநேரம் பார்க்கத் துணிகிறோம். மீந்துள்ள ஒளிக் கீற்று விழித்திரையைச் சுட்டுவிடும். அங்கே வலியை உணர்த்தும் நரம்பு இல்லாததால் சுட்டதும் தெரியாது. ஆகவே ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுடைய கிரகணக் கண்ணாடி இன்றிச் சூரியனைப் பார்க்கக் கூடாது. வெயிற் கண்ணாடியும் எக்ஸ்ரே படத் தாளும் போதா. கண்ணாடி இல்லாதோர் ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் வழியே தரையில் விழும் பிம்பத்தைக் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சிறு துளையின் வழியே கிரகணச் சூரியன் பிறைவடிவாய் விழுவதைப் பற்றித் தனி நூலே இயற்றியிருக்கிறார். நம் முன்னோர் காட்டிய வழி இது.

2031 மே 21ஆம் நாள் இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவையும் மலேசியாவையும் கடக்கவிருக்கிறது. அன்று நம் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவடைக்காமல், கையில் துளையிட்ட அட்டையோடு வெளியே அழைத்துச் செல்லுங்கள். பாங்கு இன்றி, “அஸ்ஸலாத்து ஜாமிஆ” என்ற அழைப்போடு கூடும் அத்தொழுகையில் அவர்களையும் உடன் நிறுத்துங்கள். காண்பதும் தொழுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மாணவர்க்கு மூன்று வினாக்கள்

1. கிரகணத்தின்போது 25 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் மாறாதிருக்க, 60 கிலோமீட்டரில் கூடுவது ஏன்?

2. வளையச் சூரியனை நோக்கிய டாப்சன் கருவி, ஓசோன் மாறாதபோதும் அது கூடியதாகக் காட்டுவது எதனால்?

3. ஒரே வேளையில் நிகழ்ந்த இரண்டைக் காரண காரியமாக இணைத்துப் பேசும் வழக்கம் உங்கள் இல்லத்தில் எவ்விஷயங்களில் உள்ளது? வீட்டுப் பெரியோரோடு அமர்ந்து பணிவோடு பேசி எழுதி வாருங்கள்.

வானங்களையும் பூமியையும் அளவோடு படைத்த வல்ல இறைவன், அவனுடைய அத்தாட்சிகளை அச்சம் நீங்கி அறிவோடு நோக்கும் பேற்றினை நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.